லிங்க்கைத் தொடாதவர்களையும் கேளுங்கள்: பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்பு பற்றிய மாணவர் ஆய்வு – சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்லூரி இறுதியாண்டில் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் நேரத்தில், சமூகப்பணி, பொருளியல், வணிகவியல், பி.எட். என்று எந்தத் துறையானாலும் ஒரு தலைப்பு ஆண்டுதோறும் வந்து நிற்கும்: ‘பிளஸ் டூ முடித்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்?’ நல்ல தலைப்பு. சொந்தத் தம்பி தங்கையின் வாழ்க்கையைத் தானே ஆராயும் வாய்ப்பு. ஆனால் பதில் சொல்ல ஆள் கிடைக்காமல் அலைவதும், கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றுவதும் இந்தத் தலைப்பில் மிக அதிகம். பல ஆண்டுகள் மாணவர் ஆய்வுகளுக்கு கைடாக இருந்ததில், மாணவர்களும் தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் கேட்ட சந்தேகங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கூகுள் ஃபார்ம் தயார் செய்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப், பழைய பள்ளிக்கூட குரூப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் லிங்க் போட்டுவிட்டோம். இரண்டே நாளில் 160 பேர் நிரப்பிவிட்டார்கள். இது போதாதா?

அந்த 160 பேரில் கல்லூரியில் சேராதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கையில் எண்ணிவிடலாம். உங்கள் குரூப்பில் இருப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள். ‘மேற்படிப்பு அவசியமா?’ என்று கல்லூரி மாணவரிடம் கேட்டால் ‘அவசியம்’ என்றுதான் சொல்வார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படிச் சொன்னார்கள் என்று எழுதி முடிப்பதற்கு ஓர் ஆய்வு தேவையே இல்லை.

2025-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதியவர்கள் 7,92,494 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7,53,142 பேர், 95.03 சதவீதம். செய்தித்தாள்கள் இந்தச் சதவீதத்தைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்: 39,352 பேர் மிச்சம். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கல்லூரி குரூப்பிலும் இருக்க மாட்டார்கள். தேர்ச்சி பெற்றும் சேராமல் போனவர்கள் இதற்கு மேல். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22-ல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. நாம் வெகுதூரம் முன்னால் இருக்கிறோம், அதில் பெருமைப்படலாம். அந்த 47-க்கு வெளியே நிற்பவர்கள் யார், ஏன் நிற்கிறார்கள் என்று கேட்பதற்குத்தான் உங்கள் புராஜெக்ட்.

கைக்கெட்டியவர்களை மட்டும் கேட்கும் இந்தத் தவறை நம் மாணவர்களுக்கு முன்பே ஒரு பெரிய பத்திரிகை செய்து காட்டியிருக்கிறது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்பு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். வேட்பாளர்களில் ஒருவரான லாண்டன் வெல்வார் என்று இதழ் அடித்துச் சொன்னது. அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-ல் எதிர் வேட்பாளர் ரூஸ்வெல்ட் வென்றார். பெயர்களைத் தொலைபேசி டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பெருமந்தக் காலத்தில் போன் வைத்துக்கொள்ள முடியாத ஏழைகள் அதில் இல்லை. அதோடு, அட்டையைச் சிரமப்பட்டு நிரப்பி அனுப்பியவர்களுக்கும் அனுப்பாமல் விட்டவர்களுக்கும் எண்ணத்தில் வேறுபாடு இருந்தது. அதே தேர்தலில், அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகக் கணித்தார். அன்றைய டைரக்டரி இடத்தில் இன்று உங்கள் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது.

கல்லூரிக்கு வராதவர்களை எங்கே போய்த் தேடுவது? அவர்கள் ஏன் எங்களிடம் பேச வேண்டும்?

ஊர் முழுக்கத் தேட வேண்டாம். ஒரே ஒரு பள்ளியை எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் அங்கே பிளஸ் டூ படித்த ஒரே ஒரு பிரிவை எடுங்கள். நாற்பது பெயர் இருக்கும். அந்த நாற்பது பேருமே உங்கள் ஆய்வு. ஒருவரையும் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். யார் கிடைப்பார்கள் என்று பார்த்துக் கேட்பதற்கும், இன்னாரைக் கண்டுபிடித்தே தீருவது என்று போய்க் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம், முதல் வாரத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

பள்ளிக்குப் போய் ‘போன் நம்பர் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். மாணவர்களின் எண்களை மூன்றாம் ஆளிடம் கொடுக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. வகுப்பாசிரியரிடம், ‘நீங்களே ஒரு முறை கூப்பிட்டு, இப்படி ஒரு ஆய்வுக்காகச் சிலர் பேச விரும்புகிறார்கள், எண்ணைத் தரலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்’ என்று வேண்டிக்கொள்ளுங்கள். பழைய ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டால் எடுக்காத பிள்ளை அபூர்வம். ஆசிரியரிடம் எண் இல்லாதவர்களை நண்பர்கள் மூலம் பிடிக்கலாம். ஒருவர் ஜவுளிக்கடையில் நிற்பார், ஒருவர் செல்போன் ரிப்பேர் கடையில், ஒருவர் டூவீலர் பட்டறையில், ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில். ஜவுளிக்கடையில் மாலை நேரத்தில் போய் நின்றால் முதலாளியின் முகத்தைப் பார்த்து அவரே உங்களை அனுப்பிவிடுவார். காலையில் கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். திருப்பூருக்குப் போனவர்கள் பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள். உங்கள் கால அட்டவணையைப் பொங்கலை ஒட்டிப் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெண்பிள்ளைகளைத் தேடிப் போகும்போது குழுவில் ஒரு மாணவியாவது கட்டாயம் இருக்க வேண்டும். திருமணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தால், அங்கே போய்க் கதவைத் தட்டுவது அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். அம்மாவிடம் சொல்லி, அவளுக்கு வசதியான நேரத்தில் அவளே கூப்பிடட்டும் என்று விட்டுவிடுங்கள். உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் தெருவில் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

இப்படித் தேடிப் போவது நடக்கிற காரியமா என்று நினைக்க வேண்டாம். பள்ளி முடித்தும் உயர்கல்வியில் சேராதவர்களைத் தேடிப்பிடித்து வழிகாட்டுவதற்காகவே ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களை அரசு நடத்துகிறது. உங்கள் பகுதியில் முகாம் நடக்கும் நாளை விசாரித்து, பொறுப்பாசிரியரின் அனுமதியோடு அங்கே போய் உட்காருங்கள். ஒரே நாளில் நீங்கள் கேட்கும் கதைகள் ஒரு மாத லிங்க்கில் வராது.

நாற்பதில் 31 பேர் கிடைத்தார்கள், 6 பேர் எங்கே என்றே தெரியவில்லை, 3 பேர் பேச மறுத்துவிட்டார்கள் என்றால் அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். மறைக்க வேண்டிய குறை அதில் ஒன்றுமில்லை.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? கைடு 100 என்கிறார், சீனியர் 384 என்கிறார்.

384 என்பது காற்றில் வந்த எண் இல்லை. மிகப் பெரிய கூட்டத்திலிருந்து சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல எல்லாருக்கும் ஒரே வாய்ப்புக் கிடைக்குமாறு, ஆட்களைத் தேர்ந்தால் முடிவு 5 சதவீதம் கூடக்குறைய இருக்கும் என்பதற்கான கணக்கு அது. நூறு பேர் என்றால் பிழை ஏறத்தாழ 10 சதவீதம். ஆயிரம் பேர் என்றால் 3. சமவாய்ப்பு என்ற நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் நம் புராஜெக்ட்களில் காலங்காலமாக நடக்கிறது. குரூப்பில் லிங்க் போட்டுச் சேர்த்த 384-க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு பிரிவின் நாற்பது பேரையும் கேட்டால், அந்தப் பிரிவைப் பொறுத்தவரை மாதிரிப் பிழை என்ற பேச்சே இல்லை; ‘தமிழக மாணவர்கள்’ என்று மட்டும் தலைப்பில் போட்டுவிடாதீர்கள்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். கல்லூரி மாணவர்கள் படிவத்தைக் கொண்டுவந்து, ‘வகுப்பில் எல்லாரையும் நிரப்பச் சொல்லி வாங்கித் தாருங்கள்’ என்கிறார்கள். செய்யலாமா?

அப்படிச் செய்ய வேண்டாம். ஆசிரியர் எதிரே நின்று ‘எல்லாரும் எழுதுங்க’ என்றால் மறுக்க எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. அங்கே தன்னார்வம் செத்துவிடுகிறது. ‘பள்ளியில் வழிகாட்டல் எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு ஆசிரியர் கண் முன்னால் என்ன எழுதுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

பிளஸ் டூ படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு 18 நிரம்பியிருக்காது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது: பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் தனியாகக் கேட்க வேண்டும். மருத்துவ ஆய்வுக்கு எழுதிய விதிதான். வகுப்பு ஆய்வுக்கும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆகவே கல்லூரித் துறைத் தலைவரின் கடிதம், கேள்விகளின் நகல், பெற்றோருக்கு ஒரு பக்கச் சம்மதக் கடிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் கல்வித் துறை மேலதிகாரியின் அனுமதியையும் அவர்களையே பெற்றுவரச் சொல்லுங்கள். பெயர், கைப்பேசி எண், ஆதார் எதுவும் படிவத்தில் இருக்கக் கூடாது. நிரப்பும் நேரத்தில் ஆசிரியர் வெளியே இருக்கட்டும். வெற்றுத்தாளாக மடித்துப் போடவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதை மாணவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேள்விகளை எப்படி அமைப்பது? ‘மேற்படிப்பைத் தொடராததற்குக் காரணம் என்ன’ என்று கேட்டால் எல்லாரும் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றே எழுதுகிறார்கள்.

கேள்வியே அந்தப் பதிலை வாங்கிக்கொள்கிறது. ‘தொடராததற்கு’ என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். குடும்பச் சூழ்நிலை என்பது நம் ஊரில் மேற்கொண்டு பேச விரும்பாதவர் கதவைச் சாத்தும் மரியாதையான சொல்.

‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் ‘சும்மாதான் இருக்கேன்’ என்று பதில் வரும். அதை ‘வேலையில்லை, படிப்பில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்து வராதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சும்மா இருக்கும் அந்தப் பெண் காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறாள், பகலில் படுக்கையில் கிடக்கும் ஆயாவைப் பார்த்துக்கொள்கிறாள், மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள், தொலைநிலைக் கல்வியில் பி.ஏ.வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். சம்பளம் வராத எதையும் அவள் வீடு வேலை என்று சொல்வதில்லை. பஸ் ஏறிப் போகாத எதையும் படிப்பு என்று சொல்வதில்லை. ‘போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை பகலில் என்ன செய்தீர்கள்?’ என்று நாள் வாரியாகக் கேளுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகமும் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் கடந்த ஏழு நாளைப் பற்றி விசாரிக்கிறது.

குடும்ப வருமானத்தை நேரே கேட்டால் உண்மை வராது. ‘உங்கள் வீட்டில் இதற்கு முன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா?’ என்று கேளுங்கள். கூச்சமில்லாமல் சொல்வார்கள், உங்கள் ஆய்வுக்கு வருமானத்தைவிட அதிகம் உதவுவதும் அதுதான். சாதி, மதம் உங்கள் கேள்விக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் ஒழியக் கேட்காதீர்கள்.

‘உயர்கல்வி’ என்ற கட்டத்தில் எவற்றையெல்லாம் சேர்ப்பது?

கலை அறிவியல், பொறியியல், மருத்துவம், மற்றவை என்று நான்கு கட்டம் போடும் படிவங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ‘மற்றவை’க்குள் எத்தனை வாழ்க்கைகள் அடங்கிப்போகின்றன! ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், செவிலியர் படிப்பு, இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி, ஐந்தாண்டுச் சட்டம், கேட்டரிங், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். பிளஸ் டூவில் உரிய பாடம் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ‘மற்றவை’யில் போட்டுவிட்டால் இந்த வழி உங்கள் அட்டவணையில் தெரியாமலே போய்விடும். ‘துணைத்தேர்வு எழுதுகிறேன்’, ‘நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிறேன்’ என்ற இரண்டையும் மறக்காதீர்கள்.

பதில் சொல்ல வந்தவர், ‘அண்ணா, நான் இனிமே காலேஜ்ல சேர முடியுமா?’ என்று எங்களிடமே கேட்டால்?

கட்டாயம் கேட்பார். அவர் கேட்காமல் நீங்கள் வீடு திரும்பினால், சரியாகப் பேசவில்லை என்று அர்த்தம். ‘அது எங்கள் ஆய்வில் வராது’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அரை மணி நேரம் தன் வாழ்க்கையைச் சொன்னவருக்கு நீங்கள் திருப்பித் தரக்கூடியது இது ஒன்றுதான். பேட்டி முடிந்த பிறகு, இரண்டையும் கலக்காமல், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

துணைத்தேர்வில் தேறியவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் அதே ஆண்டிலேயே துணைக் கலந்தாய்வு நடக்கிறது. ஓராண்டு இடைவெளி விட்டதால் கலைக் கல்லூரியின் கதவு மூடிவிடாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது; மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. பட்டப்படிப்புக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் வருவாய்த் துறைச் சான்றிதழோடு கலந்தாய்வில் வரும்போது தொழிற்படிப்புக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். தெரியாததைக் கேட்டால், விசாரித்து இரண்டு நாளில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி கூப்பிடுங்கள்.

பதில் சொல்பவர்களுக்குப் பணமோ பரிசோ தரலாமா?

ஒரு டீ, ஒரு பேனா போதும். பாதியில் எழுந்து போனவருக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.

நாளை மறுநாள் வைவா. இன்னும் 20 படிவம் குறைகிறது. நாங்களே நிரப்பிக்கொள்ளலாமா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

ஒரு முறை என்னிடம் நூறு பதில்களோடு ஒரு குழு வந்தது. கூகுள் ஃபார்ம் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்திலேயே தேதியும் நேரமும் போட்டுவிடும். அறுபது பதில்கள் ஒரே இரவில், பதினொன்றரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வந்திருந்தன. கூப்பிட்டுக் கேட்டேன். அழுதார்கள். ‘சார், யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க’ என்றார்கள். அது உண்மை என்று எனக்கும் தெரியும். மீதமிருந்த நாற்பதை மட்டும் வைத்து, ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று ஓர் அத்தியாயம் எழுதச் சொன்னேன். அந்த ஆய்வேட்டில் படிக்கத் தகுந்த அத்தியாயம் அதுவாகத்தான் அமைந்தது.

படிவத்தில் பொய் நிரம்பும் ஆபத்து பெரிய ஆய்வுகளுக்கும் உண்டு. 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய பி.சி. மகலனோபிஸ் அதற்கு ஓர் எளிய வழி கண்டார். ஒரே பகுதியை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பெரிதாக விலகினால் எங்கோ தவறு. உங்கள் குழுவில் நான்கு பேர் என்றால் இரண்டிரண்டாகப் பிரிந்து பட்டியலைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்; கடைசி நாள் வரை ஒருவர் முடிவை மற்றவர் பார்க்க வேண்டாம்.

நான் ஒரு தாய். என் மகன் பிளஸ் டூ முடித்து ஒர்க் ஷாப்பில் இருக்கிறான். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அவனைப் பற்றி விசாரித்தார்கள். கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். சரிதானா?

உங்கள் பயம் நியாயமானது. சேர்க்கைக் காலத்தில் முன்பின் தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை எல்லாப் பெற்றோரும் அறிவார்கள். ஆய்வுக்காக வரும் மாணவர் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுவார். துறைத் தலைவரின் கடிதத்தை வைத்திருப்பார். ஆதார் எண், வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியலின் நகல், ஓ.டி.பி. எதையும் கேட்க மாட்டார். எந்தக் கல்லூரியின் பெயரையும் சொல்லிச் சேரச் சொல்ல மாட்டார். இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அனுப்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள கல்லூரி எண்ணுக்கு நீங்களே பேசிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், அம்மா, அவர்களைத் திண்ணையில் உட்கார வையுங்கள். உங்கள் மகன் வேலை முடித்து வரும் நேரத்தைச் சொல்லுங்கள். அவனுக்கு இஷ்டம் இருந்தால் பேசட்டும். ஏன் படிப்பை நிறுத்தினான், எந்த இடத்தில் யார் கைகொடுத்திருந்தால் தொடர்ந்திருப்பான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். கல்லூரிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்தாலும் அதைச் சொல்ல முடியாது.